தகரத்தில் வார்த்த ஒல்லாந்தர் தூண்கள்

புத்தளத்தில் எங்கள் தெருவில், பள்ளிவாசலைத் தாண்டி இடப்பக்கம் ஏழாவது வீட்டின் முன்தூணில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. "ஒல்லாந்தர் காலத்து இல்லம். எமது மூதாதையரின் மரபுச் சொத்து. பாதுகாப்போம்" என்று மூன்று வரிகள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அதற்கு நான் பொறுப்பு. உண்மையும் ஒன்றும் இல்லை. அதற்கும் பாதிப் பொறுப்பு என்னுடையது.

கொழும்பில் ஒரு நாளிதழில் நீண்ட காலம் உப ஆசிரியனாக இருந்துவிட்டு, யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் வாப்பாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். பத்திரிகையில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேலை இல்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். வந்து மூன்றாவது வாரமே மரபுக் குழுவின் தலைவர் ஒரு கட்டுத் தாளோடு வந்து என் கதிரையில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற அதிபர். சேர்ட்டுப் பையில் மூன்று பேனா. மூன்றில் எதனாலும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்குச் சொல்லுவார், அவர்கள் எழுதுவார்கள்.

"எடிட்டர், இது எங்கட மாச மடல். நீங்க ஒருக்கா கண் போட்டா போதும். எழுத்துப் பிழை வரக்கூடாது. நாங்க பழைய ஆக்கள், எங்கட பேருக்கு அது சரியில்ல."

மடலுக்கு நான்கு பக்கம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வருபவர்களின் கையில் திணிப்பார்கள். அஸர் தொழுகைக்குள் அது சந்தியிலுள்ள கடையில் வடை சுற்றும் தாளாகிவிடும். டோஹாவில் வேலை செய்யும் ஒருவர் விடுமுறையில் வந்தால் அது ஒரு செய்தி. அவர் திரும்பிப் போனால் அது இன்னொரு செய்தி. இடையில் அவர் என்ன செய்தார் என்பதை மடல் ஒருபோதும் விசாரித்ததில்லை. பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவரின் படம் மின்விசிறியைவிடப் பெரிதாக வரும். கடைசிப் பக்கத்துக்கு "எமது மரபு" என்று தலைப்பு. அதில் குழு உறுப்பினர்கள் பதினொரு பேரின் பாட்டனார்களும் முறைவைத்து, மாதம் ஒருவராகப் புகழப்படுவார்கள். பதினொரு மாதம் முடிந்ததும் மறுபடியும் முதலாமவர்.

நான் கவனித்தது மூன்றாம் பக்கத்தை. அதன் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே "எமது தெரு". கீழே "ஏனையவை". காணாமற்போன அடையாள அட்டை, மின்தடை, கழுதைகள் குப்பைத் தொட்டிகளைக் கவிழ்க்கும் தொல்லை எல்லாம் கீழே. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விரட்டப்பட்டு வந்து, எங்கள் தெருவிலேயே இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருப்பவர்களின் கலியாணமும் மௌத்தும் கழுதைகளுக்குப் பக்கத்தில்.

"சேர், இவங்கட பிள்ளைகள் இந்தத் தெருவுலதானே பிறந்தாங்க. ஏன் கீழ போட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

தலைவர் உண்மையாகவே திகைத்தார். "நாங்க ஒண்டும் அவங்களக் குறைக்கல்லியே. ஒரே பக்கம்தானே எடிட்டர். நடுவுல கோடு மட்டும்தானே ஈக்குது."

ஏழாவது வீட்டில் இருந்தவர் கோட்டுக்குக் கீழே உள்ளவர். தெருவில் அவரை மேசன்ட பொஞ்சாதி என்பார்கள். மேசன் மௌத்தாகி வருடங்கள் ஆனபிறகும் அதுதான் பெயர். மன்னாரிலிருந்து புருஷனோடும் கைக்குழந்தையோடும் தோணியில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, மூன்று வருடம் முகாமில் இருந்து, பிறகு எங்கள் தெருவுக்கு வந்தவர்கள். இங்கே இருந்த ஒரு ஹாஜியார், தென்னங்காணியும் உப்பளப் பங்கும் உள்ளவர், மேசனின் வேலையில் திருப்திப்பட்டு, இடிந்த சுவர் ஒன்று நின்ற வெறும் வளவைக் கொடுத்தார். விலையும் வாங்கினார். காணி உறுதிப் பத்திரம் முடிக்கவில்லை. "காலம் சரியாகட்டும், நொத்தாரிசுக்கிட்டப் போவம்" என்று சொல்லி ஒரு கைக்கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தார். காலம் சரியாவதற்குள் ஹாஜியாரும் போனார், மேசனும் போனார்.

மேசனின் மனைவி காலையில் இடியப்பம் அவித்து விற்பார். நானும் அங்கேதான் வாங்குவேன். மகள் கலியாணம் முடித்து வண்ணாத்திவில்லுப் பக்கம் போய்விட்டாள். கையில் இருந்தது அந்த வீடு மட்டும். அதுவும் கடிதத்தில்தான் இருந்தது. ஹாஜியாரின் ஒரே மகன் கொழும்பில் மாபிள் வியாபாரம் செய்தார். பல வருடம் கேட்டுக்கேட்டு, கடைசியில் அவர் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு வந்து கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். நொத்தாரிசு தாளெல்லாம் தயாரித்துவிட்டார். பெருநாளுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம்தான் குழு மரபுச் சிறப்பிதழ் ஒன்று போடத் தீர்மானித்தது.

காரணம் வேன்கள். யுத்தம் முடிந்தபின் வெள்ளைக்காரர்களை ஏற்றிய வேன்கள் கற்பிட்டிக்கு ஓங்கில் மீன்கள் துள்ளுவதைப் பார்க்கவும் காற்றாடி கட்டிக்கொண்டு கடலில் சறுக்கவும் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் அவை பெற்றோல் அடிக்க மட்டும் நின்றன. "இந்த வேனெல்லாம் எங்கட தெருவுல நிக்கணும்" என்றார் தலைவர். நிற்பதற்கு ஏதாவது பழையது வேண்டும். அங்கேதான் சிக்கல். தெருவில் உண்மையாகவே பழைய வீடுகள் ஏழெட்டு இருந்தன. அவற்றை இடித்தவர்கள் இதே குழுவில் இருந்தார்கள். மரத்தூண்களைப் பிடுங்கி, ஓட்டைக் கழற்றி, முகப்பு முழுக்கக் குளியலறை மாபிள் ஒட்டி, அலுமினிய யன்னல் போட்டார்கள். தலைவரின் வீட்டு வாசற்கதவு இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். அதை ஒரு பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டு இரும்புக் கேற் போட்டார். அந்தக் கதவு இப்போது கற்பிட்டிப் பக்கம் ஒரு விடுதியில், மேலே கண்ணாடி வைத்த சாப்பாட்டு மேசை. வெள்ளைக்காரர்கள் அதில் கணவாய் சாப்பிடுகிறார்கள். ஒருவகையில் மரபு அவர்களிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

ஆகவே குழு கைத்தொலைபேசியோடு தெருவை மேலும் கீழும் நடந்தபோது, பழையதாகத் தோன்றிய வீடு ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. மாபிள் ஒட்ட வசதியில்லாத மேசனின் வீடு. வாசலில் இரண்டு உருண்டைத் தூண்கள். உச்சியிலிருந்து அடிவரை நெடுக்காகச் சீரான வரிப்பள்ளங்கள். சாந்து அங்கங்கே பொரிந்து, களப்புக் காற்றில் கறுத்து, பார்ப்பதற்கு முந்நூறு வயது சொல்லலாம். காலையில் கழுதைகள் அதில் முதுகு தேய்த்துவிட்டுப் போகும்.

சிறப்பிதழின் அச்சுப்படி என்னிடம் வந்தபோது படத்தின் கீழ் இப்படி இருந்தது: "ஒல்லாந்தர் காலத்துச் செதுக்குத் தூண்கள். எமது தெருவின் கீர்த்திமிக்க ஹாஜியார் குடும்பத்தின் பூர்வீக இல்லம்."

தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஒல்லாந்தர் காலம் எண்டு ஆர் செல்றது?"

"பார்த்தா விளங்கல்லியா எடிட்டர்? வரி போட்ட தூண். எங்கட ஆக்கள் அப்படிக் கட்டுவாங்களா? கற்பிட்டிக் கோட்டைக்குள்ளயும் இப்படித்தான் ஈக்குமாம்."

கோட்டைக்குள் போகக் கடற்படையின் அனுமதி வேண்டும். அவர் போனதில்லை. நானும் போனதில்லை. அதைச் சொல்லவும் இல்லை. படவிளக்கத்தில் விடுபட்டிருந்த இரண்டு ஒற்றுகளைப் போட்டேன். ஒரு முற்றுப்புள்ளியை நகர்த்தினேன். திருப்பி அனுப்பினேன். பத்திரிகையில் இருந்த காலத்தில், சம்பவ இடத்துக்குப் போகாமல் எழுதிய நிருபர்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன். என் வாசலிலிருந்து அந்தத் தூணுக்கு நாற்பது அடிகூட இல்லை. மறுநாள் காலை அதே தூணில் கையை ஊன்றிக்கொண்டுதான் இடியப்பம் வாங்கினேன். கேட்கவில்லை. சம்பல் உறைப்பா என்று மட்டும் கேட்டேன்.

இதழ் வந்த கிழமையே பலகையும் வந்தது. ஒரு காலை குழுவினர் பதினொரு பேரும் மேசன் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். மேசனின் மனைவியிடம் அனுமதி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. "தங்கச்சி, எல்லாருக்கும் பிளேன்ரீ ஊத்துங்க" என்று தலைவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பலகை பூட்ட வந்த தச்சுவேலைப் பாஸ், தூணில் துளைபோடத் தொடங்கிக் கொஞ்சத்தில் நிறுத்தினார்.

"சேர், உள்ளுக்குக் கம்பி தட்டுப்படுது."

"என்ன கம்பி?"

"காங்கிறீட் கம்பி சேர். அரை இஞ்சு."

"அப்ப யோசிச்சுப் பாருங்க," என்று தலைவர் மற்றவர்களின் பக்கம் திரும்பினார், "ஒல்லாந்தன் அந்தக் காலத்துலயே கம்பி வெச்சுக் கட்டியிருக்கிறான்!"

பத்துத் தலைகள் ஆடின. பாஸ் மட்டும் என்னைப் பார்த்தார். நான் வந்துகொண்டிருந்த தேநீரைப் பார்த்தேன். தட்டோடு வந்த மேசனின் மனைவி, "சேர், இது எங்கட ஆள் கட்டினது," என்றார்.

"திருத்தினது எண்டு சொல்லுங்க தங்கச்சி," என்றார் தலைவர் அன்பாக. "திருத்தினதுக்கும் நன்மை ஈக்குது."

பத்து நாளின் பின் மேசனின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். கையில் மடல், நான்காக மடித்து. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, இத அச்சுக்கு முந்தி நீங்கதான் பாக்குறீங்களாம்."

"பிழை திருத்துறன்."

"என்ன பிழை திருத்தினீங்க?"

"எழுத்துப் பிழை."

"ஓம். எழுத்தெல்லாம் வடிவாத்தான் இருக்கு." மடலை என் மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். "ஹாஜியார்ட மகன், கொழும்புக்காரர், போன் எடுத்தவர். எங்கட பூட்டனார்ட வீட்டயா உங்கட பேருக்கு எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தீங்க எண்டு கேக்கிறார். வாப்பா வெறும் வளவுதான் எண்டு சொல்லி ஏமாந்திட்டாராம். கையெழுத்து வைக்கிறதப் பத்தி இனி யோசிக்கணுமாம். பெருநாளுக்குப் பிறகு வீட்டப் பாக்க வாறாராம். வீட்ட! அவர் ஒருநாள் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தவரில்ல."

"கடிதம் இருக்குத்தானே?"

"கடிதத்தில வளவு எண்டுதான் இருக்கு. அங்க வீடு இருந்திச்சு எண்டு நீங்க எல்லாரும் அச்சடிச்சுக் குடுத்திட்டீங்க. இப்ப நான் களவெடுத்தவ மாதிரி."

தூண் எப்போது கட்டினது என்று அப்போதுதான் கேட்டேன். கேள்வி மூன்று கிழமை பிந்தியிருந்தது. முகாமில் கொட்டில் அடிக்கக் கொடுத்த அலைத்தகரத்தைக் கழற்றி, அச்சுப் போலச் சுருட்டிக் கட்டி, அதற்குள் காங்கிறீட் ஊற்றினார்களாம். அச்சடிக்கப் பலகை வாங்க வழியில்லை. தகரத்தின் அலைதான் தூணின் வரி. மணல் கடற்கரையில் அள்ளியது. உப்பு மணல் என்றபடியால் இரண்டாம் மாரியிலேயே பொரியத் தொடங்கிவிட்டது.

"இப்படிப் பொரியுதே எண்டு அவருக்கு ஒரே கவலை. நல்ல மேசன் எண்டு பேர் எடுத்தவர். ஆக்கள் பாத்தா என்ன நினைப்பாங்க எண்டு சொல்லுவார். இப்ப பாத்தா அந்தப் பொரிவுக்குத்தான் பலகை."

அவர் போனதும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு திருத்தம் தட்டச்சு செய்தேன். பத்திரிகை முறைப்படி, சுருக்கமாக, நான்கு வரி. அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடிட்டர், பலகை பித்தளை. பித்தளையில எப்படித் திருத்தம் போடுறது?"

"மடல்ல போடலாம்."

"போட்டா வேன்காரன் என்ன நினைப்பான்?"

"இதுவரைக்கும் ஒரு வேனும் நிக்கல்லியே சேர்."

"நிக்கும்." கண்ணாடியை மறுபடி மாட்டினார். "அகதிக் கொட்டில் தகரத்துட வரியையா எங்கட மரபு எண்டு நாங்க பித்தளையில போட்டிருக்கிறம்? இதச் செல்லிக்கொண்டு தெருவுல நடக்க ஏலுமா? நீங்க படிச்ச மனுசன். நீங்களே செல்லுங்க."

நடக்க ஏலாதுதான். ஒரு பெண்ணின் வீடு போகப்போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நானும் அதை முதலில் சொல்லவில்லை, திருத்தத்தைத்தான் முதலில் நீட்டினேன் என்பதையும் இங்கே பதிய வேண்டும்.

பெருநாள் முடிந்து இரண்டாம் சனிக்கிழமை கொழும்பு மகன் மனைவியோடு காரில் வந்தார். தலைவர் முன்கூட்டியே வந்து தூணுக்குப் பக்கத்தில், அவரே வார்த்ததுபோல நின்றார். எனக்கு மேசனின் மனைவி ஆள் அனுப்பியிருந்தார். திருத்தம் என் சேர்ட்டுப் பையில் இருந்தது.

கொழும்பு மகன் நல்ல மனிதர்தான். சலாம் சொன்னார். மேசனுக்காகத் துஆக் கேட்டார். பிறகு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, மனைவி படம் எடுத்தார்.

"அசல் அன்டிக்," என்றார் மனைவி. "எங்கட பழைய வீட்டுல இப்படி ஒண்டு ஈக்குது எண்டு நீங்க ஒருநாளும் செல்லல்லியே."

"வாப்பா செல்லியிருந்தாத்தானே."

"வாப்பாக்கு அடக்கம்," என்றார் தலைவர்.

மேசனின் மனைவி வீட்டுக்குப் பின்னால் போனார். கோழிகள் இரைந்து பறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரத் துண்டு, ஒரு முழ அகலம், துருப்பிடித்து, ஒரு பக்கம் கோழி எச்சம். கூட்டின் மேலிருந்து இழுத்து வந்திருந்தார். அந்தத் துண்டை வளைத்துத் தூணில் வைத்தார். அலை வரிக்குள் போய் உட்கார்ந்தது. இரண்டு கைகளாலும் அழுத்தினார். ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. பிறகு ஒரு சாண் மேலே வைத்தார். அங்கேயும் உட்கார்ந்தது.

"முகாம்ல தந்த தகரம் தம்பி," என்றார். "மூண்டு வருஷம் இதுக்குக் கீழதான் படுத்து எழும்பினனாங்க. அதில வார்த்த தூண் இது."

தலைவர் தொண்டையைச் செருமினார். "இந்தத் தூண் ஒண்டு பிறகு மாத்தினதா ஈக்கலாம். மத்தது..."

அவர் முடிக்கவில்லை. மேசனின் மனைவி தகரத்தைத் தூக்கிக்கொண்டு மற்றத் தூணுக்குப் போனார். அதிலும் உட்கார்ந்தது. தலைவரின் வெள்ளைச் சேர்ட்டில் கோழி எச்சம் கொஞ்சம் பட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கொழும்பு மகன் விரலை வரிப்பள்ளத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மாபிள் வியாபாரி. அச்சில் வார்த்த சாமான் எது என்று தெரியாதவரல்ல. தெரிய விரும்பாமல் வந்திருந்தார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்கிறீங்களா? சம்பந்தி வீட்டுக்கு இந்தப் படத்தையெல்லாம் அனுப்பி வெச்சிருக்கிறோமே. மடலையும் அனுப்பினோமே. அவங்க எல்லாருக்கும் காட்டியிருக்காங்க. பழைய குடும்பம் எண்டு."

விஷயம் அதுதான். அவர்களின் மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பூர்வீகம் பார்ப்பவர்கள். நாங்கள் அச்சடித்த பொய் கொழும்பில் ஒரு வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

கொழும்பு மகன் கொஞ்சம் யோசித்தார். யோசித்து முடித்ததும் அவர் குரல் வியாபாரக் குரலாகிவிட்டது.

"ராத்தா, எனக்கு இந்த வளவு வேணாம். வாப்பா குடுத்தது குடுத்ததுதான். வர்ற வியாழக்கிழமை நொத்தாரிசுக்கிட்ட வாங்க, கையெழுத்து வெக்கிறன். ஆனா இந்தத் தகரக் கதை இந்த முத்தத்தோட நிக்கணும்."

"நிக்கும், நிக்கும்," என்றார் தலைவர். அவருடைய முகத்தில் இரத்தம் திரும்ப ஓடுவதைப் பார்க்க முடிந்தது.

கொழும்பு மகன் என் பக்கம் திரும்பினார். "பத்திரிகைக்காரர் நீங்கதானே? நீங்க எழுதுவீங்களா?"

எல்லோரும் பார்த்தார்கள். வாசிப்பவனுக்குத் தவறான தகவல் கொடுத்தால் அதே பக்கத்தில் திருத்த வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். "திருத்தம் ஒண்டு எழுதித்தான் வெச்சிருக்கிறன்," என்றேன். குரலில் கொஞ்சம் வீறாப்பும் இருந்திருக்கும்.

"காக்கா," என்றார் மேசனின் மனைவி. துரு படிந்த கையை நீட்டினார். "அதத் தாங்க."

கொடுத்தேன். அவர் அதை வாசிக்கவில்லை. இரண்டாக மடித்து, உள்ளே போய், ஹாஜியாரின் கடிதம் இருந்த பெட்டியில் வைத்துவிட்டு வந்தார். "உங்கட நேர்மைக்கு நான் வீட்டக் குடுக்க ஏலாது காக்கா," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினார்.

வியாழக்கிழமை உறுதி முடிந்தது. சாட்சிகள் இருவர்: தலைவரும் நானும். தலைவர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார். அதில் மை இல்லை. நொத்தாரிசின் பேனாவால் கையெழுத்து வைத்தார். உறுதியில் அந்த வீடு "மேற்படி காணியில் உள்ள நிரந்தரக் கட்டடம்" என்று மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தது. யார் கட்டியது, எப்போது கட்டியது என்று ஒன்றும் இல்லை. அந்த வீட்டைப் பற்றி அதுவரை எழுதப்பட்ட தாள்களில் பொய் சொல்லாத தாள் அது.

அடுத்த மாத மடலில் மேசனின் மனைவி கோட்டுக்கு மேலே வந்தார். "எமது தெரு" பகுதியில், "ஒல்லாந்தர் இல்லத்தைப் பராமரித்துவரும் சகோதரி" என்று. இருபத்துச் சொச்சம் வருடம் அதே தெருவில் வாழ்ந்தும், பிள்ளையை வளர்த்தும், புருஷனை அதே மையவாடியில் அடக்கியும் தாண்ட முடியாத அந்த நடுக்கோட்டை, ஒரு பொய்க்குக் காவல் இருந்ததால் தாண்டினார். நான் அந்த இதழோடு பிழை திருத்துவதை நிறுத்தினேன். அதன்பின் மடலில் எழுத்துப் பிழைகள் வரத் தொடங்கின. உண்மையின் அளவில் மாற்றமில்லை.

வேன்கள் நிற்கவில்லை. ஒருமுறை ஒன்று நின்றது. டயரில் காற்றுப் போயிருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் வருடத்தில் ஒருமுறை வரிசையாக வந்து பலகையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள். "மாமி, இது ஒல்லாந்தர் தூணா?" என்று யாராவது கேட்டால், அவர் இடியப்ப உரலைப் பிழிந்தபடியே, "ஓம் மகள், பலகையில இருக்குத்தானே," என்பார்.

போன மாதம் ஒரு காலை, இடியப்பப் பொதியோடு என் திருத்தத்தையும் கொண்டுவந்து தந்தார். தாள் பழுத்திருந்தது.

"கொழும்புக்காரர்ட மகள் ரெண்டாவது பிள்ளையும் பெத்திட்டாளாம். இனி ஆரும் அவளத் திருப்பி அனுப்ப மாட்டாங்க. நீங்க எழுதுறதெண்டா எழுதுங்க. ஒருத்தர்ட பேரும் போடாதீங்க." வாசலில் இறங்கினவர் நின்றார். "அதில ஒரு பிழை இருக்கு. அடையாளம் போட்டிருக்கிறன்."

பிரித்துப் பார்த்தேன். நான் எழுதியிருந்தது: "மேற்படி தூண்கள், இடம்பெயர்ந்து வந்த மேசன் ஒருவர் முகாம் தகரத்தைச் சுருட்டி வார்த்தவை." அதில் "ஒருவர்" என்ற சொல்லைப் பென்சிலால் வெட்டி, மேலே "ரெண்டு பேர்" என்று எழுதியிருந்தார்.

"கூட ஆர் வேலை செஞ்சது?"

"ஆர் எண்டு நினைக்கிறீங்க? காங்கிறீட் விழ விழத் தகரம் விரியும் காக்கா. ரெண்டாவது தூணுக்குக் கட்டுக்கம்பி காணாமப் போச்சு. அவர் ஏணியில நிண்டு ஊத்த, நான் கீழ நிண்டு ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருந்தன். இறுகுமட்டும் பிடிச்சிருந்தன்." முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், தகர விளிம்பு வெட்டிய தழும்பைக் காட்டினார். "நீங்க கேக்கயில்ல."

அவர் போனபிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நாற்பது அடியும் நடந்தேன். வலது தூணை அடியில், நடுவில், உச்சியில் அளந்தேன். சுற்றளவு ஒன்றுதான். இடது தூண் நெஞ்சளவு உயரத்தில் அரை அங்குலம் ஒடுங்கியிருக்கிறது.